ஷிகராகி ஜாடி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒசாகாவில் வேலை பார்க்கிறேன். கியோட்டோ தோஜி கோயிலில் மாதந்தோறும் 21ஆம் தேதி கூடும் சந்தையில் ஷிகராகி என்ற குயவர் ஊரில் செய்த பழைய மண்ஜாடி ஒன்று வாங்கினேன். முழங்கால் உயரம். ஒரு பக்கம் பச்சையாகச் சாம்பல் வழிந்து அழகாக இருக்கிறது. மறுபக்கம் வெறும் செந்நிறம். தோள் சரிந்து, வெள்ளைக் கற்கள் துருத்துகின்றன. அந்தச் செந்நிறப் பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, ஜாடிக்கு வார்னிஷ் பூசி வைக்கலாமா? சுவருக்கு என்ன நிறம் பொருந்தும்? அடியில் துளையிட்டு விளக்காக்கலாம் என்கிறார் மனைவி. கொடுத்த விலை சரியா என்றும் தெரியவில்லை.

க.

அன்புள்ள க.,

விலையை விடுங்கள், வாங்கியாயிற்று. சுவர் எந்த நிறத்திலும் இருக்கட்டும். ஆனால் வார்னிஷ் என்று எழுத எப்படி மனம் வந்தது?

கொஞ்ச நாளாக இந்த ஜாடிகளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிவா ஏரி ஆதிகாலத்தில் கிடந்த இடத்துக் கரட்டு மண்ணைத் திரித்து, வளையம் வளையமாக அடுக்கி எழுப்பியவை. மலைச்சரிவைக் குடைந்த சூளையில் நாள்கணக்கில் விறகெரியும். வெப்பம் 1200 டிகிரியைத் தாண்டும்போது, பறந்து வந்து படிந்த விறகுச் சாம்பல் உருகிக் கண்ணாடிபோல வழியும். அந்தப் பச்சையை யாரும் பூசவில்லை. வெள்ளைக் கற்கள் ஃபெல்ஸ்பார் என்ற கனிமம், மண்ணோடு வந்தவை.

ஷிகராகியில் ஒரு கடைக்காரப் பெரியவர் இப்படியொரு ஜாடியைத் தரையில் வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் மெல்லத் திருப்பிக் காட்டினார். பச்சை மெலிந்து பழுப்பாகி, சிவந்து, திரும்பப் பச்சைக்கு வந்தது. தீ எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தப் பக்கம் மறைவில் நின்றது என்று ஒரே சுற்றில் புரிந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் சுவர்ப்பக்கம் திருப்பப் பார்ப்பது அந்தச் சுற்றின் பாதியை. தயவுசெய்து சுற்றிவர இடமுள்ள இடத்தில் வையுங்கள். அவ்வப்போது திருப்பி வையுங்கள். சரிந்த தோளை மாலை வெயிலில் பாருங்கள், அப்புறம் எழுதுங்கள்.

விதையும் தேயிலையும் போட்டு வைக்கச் செய்த பாத்திரம் இது. விருந்தினருக்குத் தேநீர் தருவதையே சடங்காகச் செய்யும் தேநீர்க்கலை பழகியவர்கள் சின்ன விதை ஜாடிகளைப் பூ வைக்க எடுத்துக்கொண்டார்கள். 1502இல் மறைந்த தேநீர்க்கலை ஆசான் முராத்தா ஜுகோ சீடருக்கு எழுதிய கடிதத்தில், பழக ஆரம்பித்ததுமே பிஸென், ஷிகராகி ஊர்களின் மண்கலங்களை வைத்துக்கொண்டு முதிர்ச்சி காட்டுகிறவர்களைக் கடிந்துகொள்கிறார். எனக்கும் அதே கோபம்தான். அலங்காரம் என்று ஒரு மூலையில் நிறுத்திவிடாதீர்கள், ஏதாவது வேலை கொடுங்கள். ஒரு கிளையைச் செருகி வைக்கலாம். பழைய ஜாடியில் நீர் கசியும், அதனால் உள்ளே ஒரு கண்ணாடிக் குவளை, அடியில் ஒரு பலகை.

துளை மட்டும் வேண்டாம். போட்ட துளையை எவராலும் மூட முடியாது. வீட்டில் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.