மணலில் கூடாரம் போடுமுன் ஓத அட்டவணையைப் பாருங்கள்

கேள்வி: இலையுதிர் காலத்தில் ஒரு கடலோரப் பூங்காவில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கி, கரையை ஒட்டியே நடக்கப் போகிறோம். மலையில் தங்கிய அனுபவம் உண்டு, கடற்கரை புதிது. எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மலையில் பொழுதைப் பார்த்துக் கிளம்பியிருப்பீர்கள். கடலோரத்தில் தண்ணீரையும் பார்த்தாக வேண்டும். எனவே முதலில் அந்த நாட்களுக்கான ஓத அட்டவணையை, அதாவது கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்ற நேரப் பட்டியலை, எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கரைகளில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று காலை கால் நனையாமல் சுற்றிவந்த பாறை முனை, இன்று அதே நேரத்தில் தண்ணீருக்குள் இருக்கலாம்.

இன்னொன்று, கடல் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் மொத்த உயரத்தில் பாதி ஏறிவிடும். பலர் ஏமாறுவது இங்கேதான். பாறை முனைகளைக் கடக்க, தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும்போதே கிளம்பி, திரும்ப ஏறத் தொடங்குமுன் அந்தப் பக்கம் போய்விடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். பகலும் இரவும் சமமாகும் இலையுதிர்காலத் தொடக்கத்தில் அது இன்னும் கூடும்.

சரி, கூடாரம் எங்கே? மணலில் காய்ந்த கடற்பாசி கோடுகோடாக ஒதுங்கிக் கிடக்கும். ஈரமான கோடு இன்றைய ஏற்றம் வந்த இடம். அதற்கும் மேலே, வெளுத்த கட்டைகள் கிடக்கும் கோடு வரை புயல் நாட்களில் அலை வந்திருக்கிறது. அதையும் தாண்டித்தான் படுக்க வேண்டும். ஆனால் மணல்மேட்டுப் புல்மேல் வேண்டாம். மணலைப் பிடித்துவைத்திருப்பதே அதன் வேர்தான். செங்குத்தான பாறைச் சரிவின் அடியிலும் வேண்டாம், மழைக்குப் பின் கல் உருளும்.

சாதாரண முளைகள் மணலில் நிற்காது. சிறு துணிப்பைகளில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்தால் நன்றாகப் பிடிக்கும். குளிருக்குப் பயந்து கூடாரத்தை முழுக்க மூடிவிடாதீர்கள். மூச்சின் ஈரம் உள்பக்கத் துணியில் முத்து முத்தாகக் கோத்து, விடியற்காலையில் முகத்தில் சொட்டும். காற்றுப்போக்கைத் திறந்தே வையுங்கள். உள்ளே அடுப்பு மூட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

ஜீன்ஸ், பருத்தி உடைகள் நனைந்தால் காயாது, குளிர்காற்றில் உடல் வெப்பத்தை இழுத்துவிடும். கம்பளி அல்லது செயற்கை இழை உடைகளும், காற்றைத் தடுக்கும் மேலாடையும் போதும். அப்புறம் நெருப்பு: பூங்கா அனுமதித்தால் மட்டும் மூட்டுங்கள். அணைக்கும்போது மணலைப் போட்டு மூடாதீர்கள். கீழே கங்கு பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும், காலையில் வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தைக்கு அது தெரியாது. தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையை அருகில் வைத்துச் சூடு இல்லை என்று பார்த்த பிறகு படுங்கள்.