48% என்பது படத்தின் மார்க் இல்லை

'வீ ஆர் த மில்லர்ஸ்' (2013) என்ற அமெரிக்க நகைச்சுவைப் படம் நூற்றுக்கு 48தான் வாங்கியதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க, அது நூற்றுக்கு 48 வாங்கிய படம் இல்லை. விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் நீங்கள் பார்த்த 48%, விமர்சகர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் படம் பிடித்தது என்று மட்டுமே சொல்கிறது. சுமாராகப் பிடித்தவரும் அதில் ஒரு ஓட்டுதான், கொண்டாடியவரும் ஒரு ஓட்டுதான்.

பிறகு எப்படி 27 கோடி டாலர் வசூல் என்றும் கேட்டிருந்தீர்கள். விமர்சகர்கள் குறை சொன்னது பெரும்பாலும் திரைக்கதையை. தியேட்டருக்குப் போனவர்களோ பச்சையான ஜோக்குகளுக்கு வாய்விட்டுச் சிரித்தார்கள். படம் பார்த்தவர்களிடம் கிரேடு கேட்கும் சினிமாஸ்கோர் கணக்கெடுப்பில் ஏ மைனஸ் என்ற உயர்ந்த கிரேடு கொடுத்தார்கள்.

ராட்டன் டொமேட்டோஸின் அதே பக்கத்தில் சராசரி மதிப்பெண் தனியாக இருக்கும், பாருங்கள். பாராட்டிய விமர்சனம் இரண்டு, திட்டியது இரண்டு படித்தால் இன்னும் தெளியும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: சினிமாஸ்கோர் முதல் நாள் ரசிகர்களிடம் எடுப்பது. ஆசையோடு வந்தவர்கள் என்பதால் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும்.