சானிடைசரால் துடைத்த 78 வேக கிராமபோன் தட்டு மங்கிவிட்டது

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டைச் சானிடைசரால் துடைத்தேன், மங்கிப்போய்க் கரகரக்கிறது என்கிறீர்கள். அந்தப் பளபளப்பு இனி திரும்பாது. கானாடுகாத்தானில் வாங்கியதில் மீதித் தட்டுகளில் சானிடைசர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

78 தட்டு அரக்கில் செய்தது, சானிடைசரில் உள்ள சாராயம் (ஆல்கஹால்) பட்டால் கரையும். நம் ஊர்த் தேக்குக் கதவுக்கு பாலிஷ் போட அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்கள், அதே கதைதான். காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருந்த காலத்தில் நானும் ஒரு கட்டுத் தட்டுகளையே இப்படி நாசமாக்கினேன். முதலாளி நானே என்பதால் திட்டு விழவில்லை.

துடைக்கும் முன் லேபிளில் 78 என்று இருக்கிறதா பாருங்கள். கனமாக, விறைப்பாக இருந்தால் அரக்குதான். வளைத்துப் பார்க்க வேண்டாம், உடைந்துவிடும். ஆறிய தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு, மெத்துணி, ஊசி ஓடும் வரிகளின் போக்கிலேயே துடையுங்கள். லேபிள் நனையக் கூடாது. நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள், முற்றத்து வெயிலில் வைத்தால் அப்பளம்போல நெளியும்.

ஆனால் கரகரப்பு முழுக்க உங்கள் தவறாக இருக்காது. அந்தக் காலத்து இரும்பு ஊசி வரிகளைத் தேய்த்திருக்கலாம். பின்னால் வந்த எல்பி (நீண்டநேர வினைல் தட்டு) ஊசியில் ஓட்டுகிறீர்களா? 78-இன் வரி எல்பி வரியைப்போல ஏறக்குறைய 3 மடங்கு அகலம். முதலில் ஊசியை மாற்றிக் கேளுங்கள்.