சோக்கை எடுத்ததும் நின்றுபோகிறது: கார்புரேட்டரையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: 2017இல் வாங்கிய ஸ்பிளெண்டர் பிளஸ். நான் வெளிநாட்டில் இருந்ததால் பதினான்கு மாதம் கவர் போட்டு வீட்டோரம் நின்றது. சோக் போட்டுக் கிக் அடித்தால் ஸ்டார்ட் ஆகிறது. சோக்கை எடுத்தாலோ ஆக்சிலேட்டரை விட்டாலோ உடனே ஆஃப். பிளக் புதிது போட்டாயிற்று. கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறி கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சிறு பித்தளைக் குழாயான பைலட் ஜெட் அடைத்திருப்பதையே காட்டுகிறது. ஆக்சிலேட்டர் முறுக்காதபோது இன்ஜினுக்குப் பெட்ரோல் போவது அந்த ஒரு ஜெட் வழியாகத்தான். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் மாதக்கணக்கில் ஆவியாகி, பிசின் மாதிரி ஒரு படிவை விட்டுப்போகும். முதலில் அடைபடுவது இந்தத் துளைதான். சோக் போட்டால் காற்று குறைந்து, இருக்கிற கொஞ்சப் பெட்ரோலே போதுமானதாகிவிடுகிறது. அதனால்தான் சோக்கில் மட்டும் ஓடுகிறது.

ஆனால் கார்புரேட்டரைத் தொடுமுன் டேங்க். பழைய பெட்ரோலை முழுக்க இறக்குங்கள். திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்பில்லாமல், கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் டியூபைக் கழற்றி, டேங்கின் அடியிலுள்ள டேப்பை ரிசர்வில் வைத்து கேனில் பிடியுங்கள். அதில் கொஞ்சத்தைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அரை மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். அடியில் தனிப் படலம் தெரிந்தால் தண்ணீர். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். ரிசர்வ் இழுப்பதும் அடியிலிருந்துதான். வார்னிஷ் வாடை அடித்தாலும் நிறம் பழுப்பாக இருந்தாலும் புதுப் பெட்ரோலோடு கலந்து தீர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். சாக்கடையிலும் கொட்டாதீர்கள், ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

ஒரு லிட்டர் புதுப் பெட்ரோல் ஊற்றி, டியூப் கழன்ற நிலையிலேயே டேப்பைத் திறந்து பாருங்கள். தடையில்லாமல் ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேப்பின் வலை துருவால் அடைத்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்யாமல் கார்புரேட்டரைச் சுத்தம் செய்தால் அடுத்த வாரமே மறுபடி அடைக்கும்.

பிறகு கார்புரேட்டர். கிண்ணத்தைக் கழற்றி மெயின் ஜெட், பைலட் ஜெட் இரண்டையும் எடுத்து கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, காற்றழுத்தம் கொடுத்து ஊதவேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஸ்ப்ரே எதிர்பாராத ஓட்டை வழியாகத் திரும்பி முகத்தில் அடிக்கும். சில கார்புரேட்டர்களில் பைலட் ஜெட்டைக் கழற்ற முடியாதபடி அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். அங்கே பிடுங்காமல் ஸ்ப்ரேயாலேயே வேலையை முடியுங்கள். குண்டூசியோ கம்பியோ வேண்டவே வேண்டாம். ஜெட் பித்தளை, துளை மயிரிழை பெரிதானாலும் பெட்ரோல் அதிகம் குடிக்கும், பிளக் கரி பிடிக்கும். பக்கவாட்டில் உள்ள, காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கழற்றுமுன் மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எழுதிவையுங்கள். திரும்பப் பொருத்தும்போது அதே கணக்கு. கிண்ணத்தின் ரப்பர் வாஷர் விறைத்திருந்தால் புதிது போடுங்கள், இல்லாவிட்டால் ஒழுகும். ஆக்சிலேட்டரை விட்டபோது இன்ஜின் ஓடும் வேகத்தை வைக்கும் ஐடில் ஸ்க்ரூவை, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகே திருப்புங்கள்.

இவ்வளவும் செய்தும் நின்றால் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் இணைப்பைப் பாருங்கள். வெடிப்பு வழியாகக் காற்று புகுந்தாலும் இதே அறிகுறிதான். ஏர் ஃபில்டர் பெட்டியில் எலிக் கூடு, சைலன்சர் வாயில் குளவிக் கூடு இரண்டும் நம்மூரில் சாதாரணம், டார்ச் அடித்துப் பாருங்கள். பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு நின்று, டேங்க் மூடியைத் திறந்ததும் மறுபடி ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைப்பு. அது வேறு கதை, இரண்டு நிமிட வேலை.

புதுக் கார்புரேட்டர் எப்போது தேவை? உள்ளே வெள்ளைப் பொடி பூத்து உலோகம் அரித்திருந்தால், மிக்ஸ்சர் ஸ்க்ரூ இறுகி உடைந்திருந்தால், ஆக்சிலேட்டரை முறுக்கும்போது உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடு தேய்ந்து ஆடினால். இவற்றில் எது என்று மெக்கானிக்கைக் காட்டச் சொல்லுங்கள். மாற்றினால் பழைய பாகத்தையும் ஜிஎஸ்டி பில்லையும் கேட்டு வாங்குங்கள். பெயர் தெரியாத மலிவுக் கார்புரேட்டரில் ஜெட் அளவு உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது; அதைவிடச் சுத்தம் செய்த பழையதே மேல்.

கேள்வி: என்னுடையது பிஎஸ்6, ஃபியூவல் இன்ஜெக்‌ஷன். இதேபோல் நிற்கிறது. இதே வைத்தியமா?

பதில்: இல்லை, உங்கள் வண்டியில் கார்புரேட்டரே கிடையாது. முதலில் பேட்டரி. மல்டிமீட்டரில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். சாவியைப் போட்டதும் டேங்க் பக்கம் இரண்டு மூன்று விநாடி ‘விர்’ரென்று பம்ப் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஃபியூஸ், பிறகு பம்ப். இன்ஜின் விளக்கு அணையாமல் எரிந்தால் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் கருவி உள்ள சர்வீஸ் சென்டருக்குத்தான் போகவேண்டும்.

கேள்வி: மறுபடி ஒரு வருடம் வெளிநாடு போகிறேன். வண்டியை எப்படி விட்டுப்போவது?

பதில்: கார்புரேட்டர் வண்டியானால் டேப்பை மூடி, இன்ஜின் தானே நிற்கும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி மிச்சத்தையும் வடியுங்கள். பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஆறிய சைலன்சர் வாயைத் துணியால் அடையுங்கள். திரும்பி வந்ததும் எடுக்க மறக்காதீர்கள். இன்சூரன்ஸை வண்டி ஓடவில்லை என்று விட்டுவிட வேண்டாம். ஓன் டேமேஜ் பாலிசி (நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கானது) காலாவதியாகி 90 நாள் தாண்டினால், கிளெய்ம் செய்யாததற்காகச் சேர்த்துவைத்த பிரீமியம் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். பாலிசி இல்லாமல் டெஸ்ட் ரைடு என்று தெருவில் எடுத்தாலும் முதல் முறை அபராதம் 2,000 ரூபாய்.