மனைவி பொலிஸில் முறைப்பாடு கொடுத்துவிட்டார், வீட்டுக்கும் போக முடியாது. என்ன செய்யலாம்?

மனைவியை அடித்ததாக வழக்கு, வீட்டுப் பக்கம் போகக்கூடாதென்று நீதிமன்றக் கட்டளை, இனி என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சட்டத்தரணி இல்லை. திருகோணமலையில் இதே மாதிரி வழக்கில் மாட்டிய ஒருவனின் அக்கா. பிணைக்குக் கையெழுத்து வைத்தவளும் நான்தான். "பொம்பிளையாக இருந்துகொண்டு அடித்தவனுக்குப் பரிந்து பேசுகிறாள்" என்று எழுத வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். என் தம்பி கை நீட்டினான். அது பிழை என்று மச்சாளுக்கு முன்னாலேயே அவனிடம் சொன்னேன். ஆனால் செய்ததற்குத்தான் அவன் பதில் சொல்ல வேண்டும், செய்யாததற்கு இல்லை.

உங்கள் தலையில் இருப்பது இரண்டு வேறு விஷயங்கள். அடித்த வழக்கு தண்டனைச் சட்டக் கோவையில் வருவது. பாதுகாப்புக் கட்டளை 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் வருவது. கட்டளை வந்ததால் நீங்கள் குற்றவாளி என்று ஆகாது. ஆனால் அதை மீறினால் ஒரு வருடம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். ஆட்கள் மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவது. தம்பி மச்சாளின் வீட்டில்தான் இருந்தான், வயரிங் வேலைச் சாமான் முழுக்க அங்கே. "போய் எடுத்துக்கொண்டு வா, உன் சாமான்தானே" என்று ஒருவர் மாறி ஒருவர் புத்தி சொன்னார்கள். நான் விடவில்லை. சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்தில் கேட்டுத்தான் எடுத்தோம். மனைவியே கோல் எடுத்து வரச் சொன்னாலும் போகாதீர்கள். ஆள் அனுப்பிச் சமாதானம் பேசுவதும் வேண்டாம், சாட்சியை மிரட்டினான் என்று இன்னொரு வழக்கு வரும்.

இனி அடித்த வழக்கு. முறைப்பாட்டில் கத்தி என்று இருந்தது. மச்சாளின் அண்ணன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தது என்பது என் எண்ணம். வெறும் கையால் காயப்படுத்தினால் 314ஆம் பிரிவு, ஒரு வருடம் வரை. ஆபத்தான ஆயுதம் என்றால் 315, மூன்று வருடம் வரை. எங்களைக் காப்பாற்றியது சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை. இடது தோளில் கண்டல் காயம், வெட்டுக் காயம் எதுவுமில்லை என்று அதில் இருந்தது. எங்கள் சட்டத்தரணி பிடித்துக்கொண்டது அந்த ஒரு வரியைத்தான். கத்திக் குற்றச்சாட்டு போனது, கை நீட்டியதைத் தம்பி ஒத்துக்கொண்டான். அதனால் உங்கள் உடம்பிலும் காயம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதியுங்கள். தற்காப்புக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் பிறகு சொன்னால் யார் நம்புவது? வட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், உங்களுக்குப் பாதகமானதையும்தான்.

வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி நீட்டினால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வடக்கு கிழக்கில் தமிழும் நிர்வாக மொழி, நீங்கள் சலுகை ஒன்றும் கேட்கவில்லை. சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வழக்குத் தவணையைத் தவறவிட்டால் பிடியாணைதான்.

ஆட்களை நம்பி மட்டும் இருக்காதீர்கள். தம்பியின் கலியாணத்தில் மணவறைக்கு முன்னால் வேட்டியை மடித்துக்கொண்டு நின்று எல்லாரையும் அதட்டிய பெரியப்பா, பிணைக்கு ஒரு ஆள் வேண்டும் என்றதும் முழங்கால் வருத்தம் என்றார். அதே ஆள் அந்தக் கிழமையே கோணேசர் கோயில் ஏற்றத்தில் ஏறுவதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். போன மாதம் பேத்தியின் சாமத்திய வீட்டுக்கு அழைப்பு அனுப்பியிருந்தார். நான் போகவில்லை.