முதன்முறையாக ஸ்நார்கெலிங் செய்யப் போகிறேன், நீச்சல் தெரியும். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

நீச்சல் குளத்தில் நன்றாக நீந்தத் தெரிந்த நீங்கள், முகக்கண்ணாடியும் வாயில் கவ்வும் மூச்சுக்குழாயும் அணிந்து மிதந்தபடி கடலடியைப் பார்க்கும் ஸ்நார்கெலிங்குக்காக, கடலோரப் பவளப்பாறைப் பகுதியில் முதன்முறையாக இறங்குவதற்கு முன் எவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நீரில் இறங்கிய பின் காட்டும் திறமையைவிட, இறங்கும் முன் கரையில் நின்று கடலைக் கவனிக்கும் நேரமே முக்கியம் என்பது என் கருத்து.

அலைகள் பாறைத்திட்டைத் தாண்டி உள்ளே தள்ளும் நீர் எப்படியும் வெளியேறியாக வேண்டும். அது பாறைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிகள் வழியாகவே பெரும்பாலும் வெளியேறுகிறது. அலை உடையாமல், சற்றுக் கருமையாக, பார்வைக்கு அமைதியாகத் தெரியும் அந்த வாய்க்காலைத்தான் புதியவர்கள் இறங்குவதற்கு ஏற்ற இடம் என்று நம்பிவிடுகிறார்கள். அந்த இழுப்பு ஆளை அடியில் அமிழ்த்தாது, கடலை நோக்கிக் கொண்டு செல்லும். ஆகவே அதை எதிர்த்து நீந்திக் களைத்துப்போகாமல், கரைக்கு இணையாக நீந்தி விலகிய பிறகு திரும்ப வேண்டும். அதற்கும் இயலாவிட்டால் மிதந்தபடியே கையை உயர்த்தி உதவி கேட்கலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றவற்றத்தின் வீச்சு பெரிதாக இருப்பதால் நீரோட்டமும் பொதுவாக வலுக்கும். நீர் மிகவும் வற்றிய வேளையில் பாறைக்கு மேல் மிதக்கவே இடமிராது, உடம்பில் சிராய்ப்புதான் மிஞ்சும். நீர் ஏறி நிற்கும் நேரமாகவும், காற்று எழாத காலைப்பொழுதாகவும் பார்த்துப் போவது நல்லது. பெருமழைக்கு மறுநாள் போனால் கலங்கலைத் தவிர வேறொன்றும் தெரியாது.

முகக்கண்ணாடியை வாடகைக்கு எடுப்பதானால், வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உள்ளிழுத்துப் பாருங்கள்; கையை எடுத்த பின்னும் அது ஒட்டி நின்றால் அதுவே உங்களுக்கு உரியது. மீசையோ விளிம்புக்குள் சிக்கிய ஒரு முடிக்கற்றையோ போதும், நீர் கசிந்துகொண்டே இருக்கும். மூச்சுக்குழாய் நீளமாக இருந்தால் நல்லது என்ற எண்ணமும் தவறு: குழாய் நீள நீள, வெளிவிட்ட பழைய காற்றையே மீண்டும் இழுக்க நேரிடும். அன்றியும், ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் மார்பை நெருக்குவதால், ஒரு மீட்டர் ஆழத்திலேயே மேற்பரப்புக் காற்றைக் குழாயால் இழுப்பது ஏறத்தாழ இயலாததாகிவிடும். எனவே முதலில் இடுப்பளவு நீரில் நின்று, முகத்தை மட்டும் அமிழ்த்தி, நிதானமாக மூச்சு விடப் பழகுங்கள். மூச்சுத் திணறல் தோன்றினால், பொறுத்துப் பார்க்கலாம் என்று நினையாமல் உடனே வெளியேறிவிடுங்கள். குனிந்து மூழ்கிப் பார்க்கும் ஆசையில், அதற்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுப்பவர்கள் உண்டு. அது உடலிலுள்ள கரியமில வாயுவைக் குறைத்து மூச்சுவிடத் தூண்டும் உணர்வை மழுங்கடிப்பதால், நல்ல நீச்சல்காரர்கள்கூட நீருக்கடியில் நினைவிழந்து இறந்திருக்கிறார்கள். தனியாகப் போகக் கூடாது என்று சொல்வது இதற்காகவும்தான்.

ஒளிவிலகலால் நீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு அருகிலும் தெரியும். பாறை இருக்கும் தூரத்தை அதனால் தவறாகக் கணிப்போம். அசையாமல் மிதந்து காது கொடுத்தால், கிளிமீன்கள் பாறையைச் சுரண்டித் தின்னும் கறகறச் சத்தம் தெளிவாகக் கேட்கும். காலில் மாட்டிய துடுப்பை அடித்துக்கொண்டே போகிறவர்களுக்கு அது வாய்ப்பதில்லை.

வெயிலுக்குக் களிம்பைவிட முழுக்கைச் சட்டையையே பரிந்துரைப்பேன். முதுகும் முழங்காலின் பின்புறமும் வெந்துபோவது கரையேறிய பிறகுதான் தெரியும். பவளத்துக்குத் தீங்கு செய்யும் என்ற கவலையால் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற வேதிப்பொருள்கள் கலந்த வெயில் களிம்புகளின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்திருக்கிறது.

பவளத்தின் மேல் மட்டும் கால் ஊன்றாதீர்கள். அது உயிருள்ளது, உருண்டைப் பவளங்களில் பலவும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கின்றன. பாறையைப் போலவே கிடக்கும் நச்சுமுள் கொண்ட கல்மீனும் அங்கே இருக்கக்கூடும். இளைப்பாற நிற்பதற்கான மணல்திட்டு எங்கே இருக்கிறது என்பதையும் இறங்கும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.