பயற்றங்காயில் தேமல் நோய்: தப்பிய கொடியின் விதையை நம்பலாமா?

கேள்வி: நிபோங் திபாலில் பயற்றங்காய் போடுகிறேன். சென்ற நடவில் தேமல் நோயால் பெரும்பாலான கொடிகள் சுருண்டுவிட்டன. சில மட்டும் பசுமையாக நின்றன. அவற்றின் விதையை எடுத்து வைத்திருக்கிறேன். நோயைத் தாங்கும் பீன்ஸ் இரகங்கள் உண்டு என்கிறார்கள். அவற்றோடு இதைக் கலப்பினம் செய்ய முடியுமா?

பதில்: ஐயா, பீன்ஸும் பயற்றங்காயும் வெவ்வேறு பேரினங்கள் என்பதால் அந்தக் கலப்பு கைகூடாது. ஆனால் தட்டைப்பயறு பயற்றங்காயின் இனமேயாகும். நோய் எதிர்ப்புள்ள தட்டைப்பயற்றோடு கலக்கலாம். அப்போது காய் குட்டையாகிவிடும் என்பதால், பிறக்கும் செடிகளை மீண்டும் மீண்டும் பயற்றங்காயோடு கலந்து நீளத்தை மீட்க வேண்டும். பூ விடியலில் விரிவதற்கு முன்பே மகரந்தப்பை வெடித்துவிடுமாதலால், முந்தைய மாலையே மொட்டைப் பிரித்து இடுக்கியால் அப்பைகளை நீக்கிவிட வேண்டும். கலப்பில் வந்த முதல் தலைமுறை முழுதும் நோய்ப்பட்டால் மனம் தளர்ந்து பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். எதிர்ப்பைத் தருவது ஒடுங்கு மரபணுவாக (தாய், தந்தை இரு பக்கமிருந்தும் வந்தால் மட்டுமே வேலை செய்வது) இருந்தால், அடுத்த தலைமுறையில்தான் ஏறக்குறைய நான்கில் ஒரு செடி தப்பும். பீன்ஸில் ஓங்கு மரபணுவான (ஒரு பக்கமிருந்து வந்தாலே வேலை செய்யும்) 'ஐ', ஒடுங்கு மரபணுவான 'பிசி-3' இரண்டையும் ஒரே இரகத்தில் சேர்ப்பார்கள். ஏனெனில் 'ஐ' மட்டும் உள்ள செடியைச் சில வகை வைரசுகள் தாக்கினால், வேர் கறுத்துச் செடியே மடிந்துவிடும்.

உங்கள் பசுமையான கொடிகளைப் பொறுத்தவரை, அவை எதிர்ப்புச் சக்தியால்தான் தப்பின என்று இப்போதே சொல்ல இயலாது. தேமல் வைரசைப் பரப்பும் அசுவினிப் பூச்சி அவற்றின் மேல் அமராமலே போயிருக்கலாம்; அல்லது வைரசு உள்ளே இருந்தும் அறிகுறி தெரியாமல் இருக்கலாம். இரண்டாவது நிலைதான் ஆபத்தானது, ஏனெனில் இந்நோய் விதை வழியாகவும் பரவும். அசுவினி சில நொடிகள் இலையைக் குத்தினாலே நோய் தொற்றிவிடுவதால், பூச்சிமருந்தை நம்பிப் பயனில்லை.

ஆகவே ஒவ்வொரு கொடியின் விதையையும் தனித்தனி வரிசையாக, உங்கள் நடவிலிருந்து தள்ளி விதையுங்கள். நோய்ப்பட்ட இளந்தளிரைத் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டி, இலையில் நுண்ணிய கீறல் உண்டாக்கும் மிக நுண்ணிய உரசுபொடி தூவிய நாற்றின் முதல் இலைகளில் மென்மையாகத் தேய்த்து, உடனே கழுவிவிடுங்கள். புது இலைகளில் இரண்டு மூன்று வாரங்களில் தேமல் தோன்றாத வரிசைகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றின் இலையை, வைரசு உள்ளதா என்று காட்டும் எலைசா என்ற ஆய்வகச் சோதனைக்கு அனுப்பலாம். அதற்கு வழிகாட்டும்படி விவசாய இலாகாவிடம் கேளுங்கள். வைரசே காணப்படாத வரிசைதான் கலப்புக்கு உகந்தது.

அதுவரை இந்த நடவுக்குச் சேமித்த விதையைத் தொடாமல் நம்பகமான விதையை வாங்கிப் போடுங்கள். முதலில் தேமல் காட்டும் நாற்றுகளை அன்றே பிடுங்கிவிடுங்கள்.